ஐந்தாவது சனிக்கிழமை: ஒரு டேப் பேக்கப் அட்டவணை எங்கே அறுந்தது

## பின்னணி

கோவைக்கு வெளியே இருக்கும் நடுத்தரமான பம்பு தொழிற்சாலை ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். வடிவமைப்புப் பிரிவின் வரைபடங்கள், வார்ப்படக் கடைகளுக்குப் போகும் அச்சு விவரங்கள், சோதனைக்கூடத்தின் அளவீடுகள் எல்லாம் ஒரே லினக்ஸ் ஃபைல் சர்வரில் இருந்தன. மொத்தம் சுமார் 1.9 டெராபைட். நான்கு டிஸ்க் சேர்ந்த ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும் அமைப்பு. அதற்குப் பக்கத்தில் ஒரு எல்டிஓ-6 டேப் டிரைவ் (எல்டிஓ என்பது காந்த டேப்பின் வகை, எண் அதன் தலைமுறை). டேப்பை மாற்றித் தரும் இயந்திரம் எதுவும் கிடையாது, கையால்தான் மாற்ற வேண்டும். பேக்கப் மென்பொருள் பாக்குலா.

எல்டிஓ-6 டேப்பின் உண்மையான கொள்ளளவு 2.5 டெராபைட். உறையில் 6.25 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. வரைபட ஃபைல்களும் படங்களும் பெரும்பாலும் முன்பே சுருங்கியவை, அதனால் 2.5-ஐ மட்டும் நம்பித் திட்டமிடுவதே சரி. எங்கள் 1.9 டெராபைட் ஒரே டேப்பில் அடங்கியது.

அட்டவணையை எழுதியவர் எனக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார். நான் வந்தபோது அது இப்படி இருந்தது: மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு ஃபுல், அதாவது எல்லாவற்றையும் எடுப்பது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு இரவும் இன்கிரிமென்டல், அதாவது முந்தைய பேக்கப்புக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுப்பது. ஃபுல்லுக்கு இரண்டு டேப், மாதம் விட்டு மாதம் மாறி மாறி. இன்கிரிமென்டலுக்கு நான்கு டேப், வாரம் ஒன்று, உறையில் 'வாரம் 1' முதல் 'வாரம் 4' வரை. இன்கிரிமென்டல் டேப்புக்கு 21 நாள் காலாவதி. அந்த நாள் கடந்ததும், இடம் தேவைப்படும்போது மென்பொருளே டேப்பைக் காலியானதாகக் கருதி முதலிலிருந்து எழுதும்.

ஒவ்வொரு காலையும் எனக்கு மின்னஞ்சல் வரும். இத்தனை ஃபைல், இத்தனை ஜிகாபைட், வெற்றி. ஒன்றரை ஆண்டு இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

## டிஸ்க் போன நாள்

அந்த மாதத்தில் ஐந்து சனிக்கிழமை. தேதிகள் 2, 9, 16, 23, 30. ஃபுல் 2-ஆம் தேதி நடந்தது. அடுத்த ஃபுல் அடுத்த மாதம் 6-ஆம் தேதி, 35 நாள் கழித்து.

அதற்கு இரண்டு நாள் முன்பு, 4-ஆம் தேதி வியாழக்கிழமை காலை, ரெய்டில் ஒரு டிஸ்க் போய்விட்டது. மாற்று டிஸ்க்கைப் போட்டு மறுகட்டுமானத்தைத் தொடங்கினோம். அது பாதி ஓடும்போதே இரண்டாவது டிஸ்க்கில் படிக்க முடியாத பகுதிகள் தென்பட்டன. ரெய்டு 5 ஒரு டிஸ்க் இழப்பைத்தான் தாங்கும். பதினொரு மணிக்கு மொத்த அமைப்பும் நின்றது.

முதலில் செய்தது பேக்கப் வேலைகள் அனைத்தையும் நிறுத்திவைத்தது. அடுத்து, அலமாரியில் இருந்த ஒவ்வொரு டேப்பிலும் எழுத்துத் தடைப் பொத்தானைத் தள்ளிவிட்டோம். ரெஸ்டோர், அதாவது டேப்பிலிருந்து தரவைத் திரும்ப எடுப்பது, பற்றி யோசிப்பதற்கு முன்பே இதைச் செய்ததற்குக் காரணம் உண்டு. அன்று இரவு 10 மணிக்கு அட்டவணை தானாக ஓடும், சர்வர் காலியாக இருக்கிறதா என்று அது கேட்காது. இரண்டே நாளில் அடுத்த ஃபுல்லும் தொடங்கி, போன மாதத்துக்கும் முந்தைய மாத ஃபுல் இருந்த டேப்பின் மேலேயே எழுதத் தொடங்கும்.

பிறகு முதலாளியிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் வடிவமைப்புப் பிரிவினரைக் கூப்பிட்டு, அவரவர் கணினியில் எதையும் அழிக்க வேண்டாம், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ய வேண்டாம் என்றார். அது நான் கேட்டுக்கொண்டது. அப்போது அது வெறும் முன்னெச்சரிக்கை. டேப்பில் எல்லாம் இருக்கிறது என்றுதான் மாலை வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பழைய டிஸ்க்குகளைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டு, புதிய டிஸ்க்குகளில் ரெஸ்டோரைத் தொடங்கினோம். சிறு சிறு ஃபைல்கள் நிறைய இருந்ததால் வினாடிக்கு 80 மெகாபைட்தான் கிடைத்தது. இந்த டிரைவின் முழு வேகமான 160-இல் பாதி. ஃபுல் மட்டும் இறங்க ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கு வந்தது.

## பட்டியலில் தெரிந்த தாவல்

ரெஸ்டோருக்கு எந்தெந்த வேலைகள் தேவை என்று பாக்குலா தன் கேட்டலாக்கிலிருந்து (எந்த ஃபைல் எந்த டேப்பில் என்று குறித்துவைக்கும் பதிவேடு) ஒரு பட்டியல் போடும். அதில் முந்தைய மாதம் 2-ஆம் தேதி ஃபுல்லுக்கு அடுத்த வரியே 11-ஆம் தேதி இன்கிரிமென்டல். 4 முதல் 8 வரை ஐந்து இரவுகளைக் காணோம்.

பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. வருவதற்கு அவசியமும் இல்லை. மென்பொருளைப் பொறுத்தவரை அந்த ஐந்து வேலைகள் நடக்கவே இல்லை. டேப் காலாவதியாகி மறுபடி எழுதப்படும்போது, அதில் இருந்தவை பற்றிய பதிவுகளும் கேட்டலாக்கிலிருந்து நீங்கிவிடும்.

நடந்தது இதுதான். 'வாரம் 1' டேப்பில் கடைசியாக எழுதியது 8-ஆம் தேதி வெள்ளி. 21 நாள் காலாவதி 29-ஆம் தேதியோடு முடிந்தது. ஐந்தாவது வாரத்தின் திங்கள், அடுத்த மாதம் 1-ஆம் தேதி, அலுவலக உதவியாளர் வழக்கம்போல 'வாரம் 4'-ஐ எடுத்துவிட்டு 'வாரம் 1'-ஐச் செருகினார். அவருக்குக் கொடுத்திருந்த குறிப்பும் அதுதான். மென்பொருள் அதை முதலிலிருந்து எழுதியது. 2-ஆம் தேதி ஃபுல்லை நம்பி நிற்கும் சங்கிலியின் முதல் கண்ணி அந்த இரவோடு போனது.

நான்கு சனிக்கிழமை வரும் மாதத்தில் இது நேராது. ஃபுல்லிலிருந்து 28-ஆம் நாள் புதிய ஃபுல் முடிந்திருக்கும், 30-ஆம் நாள்தான் 'வாரம் 1' மறுபடி உள்ளே போகும். ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் மட்டும், டேப்பை அழிப்பது முந்திக்கொள்ளும், ஃபுல் ஐந்து நாள் பின்தங்கும். ஆண்டுக்கு நான்கு மாதம் அப்படி வரும், சில ஆண்டுகளில் ஐந்து. நான் பொறுப்பேற்ற பிறகு மட்டும் ஆறு முறை இந்த ஓட்டை திறந்து, அடுத்த ஃபுல்லோடு மூடியிருக்கிறது. ஆறு முறையும் டிஸ்க் தாங்கியதால் யாருக்கும் தெரியவில்லை. மின்னஞ்சலில் 'வெற்றி' என்று வந்ததில் பொய் இல்லை, ஒவ்வொரு இரவு வேலையும் வெற்றிதான்.

பழைய ஆவணங்களைத் தேடியபோது இன்னொன்றும் தெரிந்தது. முதலில் எழுதிய அட்டவணையில் இரண்டாவது முதல் ஐந்தாவது சனிக்கிழமை வரை டிஃபரன்ஷியல் இருந்திருக்கிறது. டிஃபரன்ஷியல் என்பது கடைசி ஃபுல்லுக்குப் பிறகு மாறிய அத்தனையையும் எடுப்பது. பாக்குலாவின் கையேட்டில் உள்ள மாதிரி அட்டவணையும் இதே வடிவம்தான்: முதல் ஞாயிறு ஃபுல், இரண்டு முதல் ஐந்து வரையிலான ஞாயிறுகளில் டிஃபரன்ஷியல், மற்ற நாட்களில் இன்கிரிமென்டல். அவர்கள் ஐந்தாவது வாரத்தையும் நினைவில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். டிஃபரன்ஷியல் இருந்தவரை 21 நாள் காலாவதி முற்றிலும் சரியான எண். இரண்டாவது சனிக்கிழமை டிஃபரன்ஷியல் முடிந்த கணமே 'வாரம் 1' டேப் ரெஸ்டோருக்குத் தேவையில்லாமல் போய்விடும்.

பிறகு எப்போதோ டேப் பற்றாக்குறை வந்தபோது, ஒரே ஃபைலைத் திரும்பத் திரும்ப எழுதுகிறதே என்று டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டார்கள். அட்டவணை ஒரு இடத்தில், காலாவதி வேறொரு இடத்தில். ஒன்றை மாற்றியவர் மற்றதைத் தொடவில்லை. வேலையை ஏற்றுக்கொண்ட நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அது என் பிழை.

## என்ன போனது என்று கண்டுபிடித்தது

'வாரம் 1' டேப்பில் புதிதாக மூன்று இரவுகள்தான் எழுதியிருந்தன. டேப்பின் மிச்ச நீளத்தில் பழைய தரவு அப்படியே இருக்கும் அல்லவா என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு முறை எழுதி முடிக்கும்போதும் டிரைவ் 'தரவு இதோடு முடிந்தது' என்று ஒரு குறி வைக்கும், சாதாரண டிரைவ் அந்தக் குறியைத் தாண்டிப் படிக்காது. தரவு மீட்புக் கூடங்கள் முயன்று பார்க்கலாம், உத்தரவாதம் இல்லை. டேப்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இருப்பதை வைத்து மீட்கலாம் என்று முடிவு செய்தோம்.

உதவியது கேட்டலாக்கின் பழைய பிரதி. ஒவ்வொரு இரவும் பேக்கப் முடிந்ததும் கேட்டலாக்கையும் அதே டேப்பில் எழுதும்படி முன்னவர் அமைத்திருந்தார். 28-ஆம் தேதி வியாழன் இரவின் பிரதி 'வாரம் 4' டேப்பில் இருந்தது. காலாவதி நீக்கம் நடப்பதற்கு முந்தைய நிலை அது. அதை வேறொரு கணினியில் ஏற்றியபோது 4 முதல் 8 வரை எடுத்த ஒவ்வொரு ஃபைலின் பெயரும் பாதையும் அளவும் கிடைத்தன. ஃபைல் இல்லை, பட்டியல் இருந்தது. கையில் பட்டியல் இல்லாமல் தேடுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்தப் பட்டியலில் பெரும்பகுதி பிந்தைய வாரங்களில் மறுபடி மாறிய ஃபைல்கள். அவற்றின் புதிய வடிவம் அடுத்த டேப்களில் வந்துவிட்டது. முதல் வாரத்தில் மாறி, அதன்பின் யாரும் தொடாதவைதான் உண்மையான இழப்பு. அவற்றில் பலவற்றை வடிவமைப்பாளர்களின் கணினிகளில் கண்டுபிடித்தோம். சில வார்ப்படக் கடைகளுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களில் இணைப்பாக இருந்தன. சிலவற்றை சிஎன்சி இயந்திரத்தின் பக்கத்துக் கணினியிலிருந்து எடுத்தோம். கடைசிவரை கிடைக்காதவற்றில் ஒரு இம்பெல்லரின் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) முழு வரைபடத் தொகுதியும் இருந்தது. அச்சிட்ட தாளை வைத்துக்கொண்டு இரண்டு பேர் அதை முதலிலிருந்து வரைந்தார்கள்.

## எதிர்பார்க்காத இரண்டாவது இழப்பு

வெள்ளிக்கிழமை மாலை ஒரு வடிவமைப்பாளர் வந்தார். "சார், ஃபோல்டர் வந்திருக்குங்க, உள்ள ஒண்ணுமே இல்லீங்க."

அது மூன்றாவது வாரத்தில் ஒப்புதல் பெற்ற ஒரு வாடிக்கையாளர் வேலை. அந்த வாரத்தின் டேப் பத்திரமாக இருந்தது, எனவே ஐந்தாவது சனிக்கிழமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. விசாரித்ததில் காரணம் விளங்கியது. வெளியிலிருந்து வரும் ஃபைல்கள் முதலில் 'வரவு' என்ற ஃபோல்டரில் விழும். அது தற்காலிக இடம் என்பதால் பேக்கப்பில் சேர்க்கவில்லை. ஒப்புதல் கிடைத்ததும் வேலையின் முழு ஃபோல்டரையும் 'வெளியீடு' ஃபோல்டருக்கு நகர்த்துவார்கள்.

இரண்டும் ஒரே டிஸ்க் பகுதி. அங்கே நகர்த்துவது என்றால் பெயர் மாற்றம்தான், உள்ளே இருக்கும் ஃபைல்களை யாரும் தொடுவதில்லை. அவற்றின் மாற்ற நேரமும் மாறாது, லினக்ஸ் தனியாக வைத்திருக்கும் நிலை மாறிய நேரமும் மாறாது. எங்கள் இன்கிரிமென்டலோ இந்த இரண்டு நேரங்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தது. மேல் ஃபோல்டரின் நேரம் மாறியதால் அதை எடுத்துக்கொண்டது, உள்ளே இருந்தவை பழையவை என்று விட்டுவிட்டது. அடுத்த ஃபுல் வரும்வரை அந்த ஃபைல்கள் எந்த டேப்பிலும் இல்லை. கேட்டலாக் பிரதியிலும் இல்லை, ஏனென்றால் அவற்றை எடுக்கவே இல்லை.

எனக்கு முதல் இழப்பைவிட இதுதான் பெரிய அதிர்ச்சி. முதலாவதை நாட்காட்டியை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம். இது அன்றாட வேலை நடக்கும் விதத்திலேயே ஒளிந்திருந்தது. நல்லவேளையாக வாடிக்கையாளரிடம் மூலப் பிரதி இருந்தது, கேட்டு வாங்கினோம். இதன் மறுபக்கமும் தெரிந்தது: மாதத்தின் நடுவில் பெயர் மாற்றிய சில ஃபோல்டர்கள் பழைய பெயரிலேயே திரும்பி வந்தன, அழித்த ஃபைல்கள் உயிர்பெற்றன. எது நடப்பு வடிவம் என்று பிரிக்கவே இரண்டு நாள் ஆனது.

## எடுத்த முடிவுகள்

மறுபடி டிஃபரன்ஷியலைச் சேர்த்தால் போதுமா என்றுதான் முதலில் பேசினோம். போதும்தான். ஆனால் ஏன் மாதம் ஒரு ஃபுல் என்ற கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. பழைய டிரைவின் காலத்தில் ஒரு ஃபுல்லுக்குப் பல டேப் ஆகும், ஆள் உட்கார்ந்து மாற்ற வேண்டும். அப்போது மாதம் ஒரு முறை என்பது நியாயம். இப்போது ஒரே டேப். சனி இரவு 10 மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு காலை 5 மணிக்குள் முடிந்துவிடும். ஆகவே வாரம் ஒரு ஃபுல் என்று மாற்றினோம். வாரமே அலகு என்றான பிறகு, மாதத்தில் எத்தனை சனிக்கிழமை என்பது பொருட்டே இல்லை. ரெஸ்டோருக்கு அதிகபட்சம் ஒரு ஃபுல்லும் ஐந்து இன்கிரிமென்டலும் போதும்.

அடுத்தது டேப்களைத் தொகுத்த விதம். ஒரு ஃபுல்லும் அதை நம்பி நிற்கும் இன்கிரிமென்டல்களும் ஒரு தொகுதி. தொகுதியை முழுதாக வைத்திருப்போம் அல்லது முழுதாக விடுவிப்போம், பாதியை மட்டும் அழிப்பது கிடையாது. ஃபுல் டேப்பில் 600 ஜிகாபைட் மிச்சம் இருப்பதால் வாரத்தின் இன்கிரிமென்டல்களையும் அதிலேயே எழுதலாமே என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். ஒரு டேப் பழுதானால் வாரமே போய்விடும். தவிர, ஃபுல் டேப் திங்கள் காலையே கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டும். எனவே தொகுதிக்கு இரண்டு டேப், மொத்தம் ஐந்து தொகுதி. மாதக் கடைசி ஃபுல் ஓராண்டுக்கு வங்கி லாக்கரில் இருக்கும், அதன் இடத்தில் புதிய டேப் சேரும். எதற்கும் இரண்டு காலி டேப் எப்போதும் அலமாரியில்.

காலாவதி நாளை நம்பி டேப் தானாக அழியும் வசதியை நிறுத்தினோம். ஒரு தொகுதி விடுதலையாக ஒரே நிபந்தனை: அதற்குப் பின் குறைந்தது இரண்டு ஃபுல் முடிந்து, டேப்பிலிருந்து திரும்பப் படித்துச் சரிபார்த்திருக்க வேண்டும். நாள் கணக்கு முக்கியமில்லை. இதைக் கையால் செய்வதில் மறதிக்கு இடமுண்டு என்பதால், விடுவிப்பவர் ஒருவர், நோட்டில் பார்த்துக் கையெழுத்திடுபவர் இன்னொருவர்.

நகர்த்திய ஃபைல்கள் விடுபடுவதற்கு பாக்குலாவிலேயே 'அக்யூரேட்' என்ற அமைப்பு உண்டு. அதை இயக்கினால் நேரத்தை மட்டும் பார்க்காமல், சர்வரில் இருக்கும் ஃபைல்களைக் கேட்டலாக்கில் உள்ள முழுப் பட்டியலோடு ஒப்பிடும். பழைய தேதியோடு புதிதாக வந்ததும் பிடிபடும், அழிந்ததும் பதிவாகும். நினைவகம் கூடுதலாகச் செலவாகும், இரவு வேலை சற்று நீளும். தயங்காமல் இயக்கினோம். 'வரவு' ஃபோல்டரையும் பேக்கப்பில் சேர்த்தோம்.

கேட்டலாக் பிரதி இனி டேப்போடு நிற்காமல் தனியாக இன்னொரு கணினிக்கும் போகிறது. லாக்கருக்குப் போகும் டேப்பை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்து வெயிலில் நிறுத்தக் கூடாது என்பதையும் எழுதி ஒட்டினோம். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டி எப்படிச் சுடும் என்பது வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும்.

## பின்னர்

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை நள்ளிரவு மின்வெட்டு. யுபிஎஸ் பேட்டரி நலிந்திருந்தது, ஃபுல் பாதியில் நின்றது. பழைய முறையாக இருந்தால் திங்கள் இரவு அடுத்த டேப்பின் மேல் எழுதியிருப்போம். இப்போது ஞாயிறு காலை அறிக்கையில் தோல்வி என்று பார்த்ததும் எதையும் விடுவிக்கவில்லை. திங்கள் இன்கிரிமென்டல் காலி டேப் ஒன்றில் போனது. கடைசி வெற்றிகரமான பேக்கப்பிலிருந்து கணக்கிட்டதால் முந்தைய வாரத் தொகுதியின் தொடர்ச்சியாகவே அமைந்தது. செவ்வாய் இரவு ஃபுல்லை மறுபடி ஓட்டி, புதன் பகலில் சரிபார்த்த பிறகுதான் சுழற்சி நகர்ந்தது. பேட்டரியை அந்த வாரமே மாற்றினார்கள்.

மாதம் ஒருமுறை ஏதாவது இருபது ஃபைல்களை வேறொரு இடத்தில் ரெஸ்டோர் செய்து, உரியவரே திறந்து பார்க்கிறார். எந்த ஃபைல் என்பதை நான் தேர்ந்தெடுப்பதில்லை, வடிவமைப்புப் பிரிவில் சொல்வார்கள். அதில் ஒன்றாவது அந்த மாதம் நகர்த்திய ஃபோல்டரிலிருந்து இருக்க வேண்டும்.

## வேறுவிதமாகச் செய்திருக்க வேண்டியவை

பொறுப்பேற்ற முதல் வாரத்தில் ஓராண்டு நாட்காட்டியை எடுத்து, ஒவ்வொரு தேதிக்கும் நேராக ஒரு கேள்வியை எழுதியிருக்க வேண்டும்: இன்று மாலை டிஸ்க் போனால் எந்தெந்த டேப் வேண்டும், அவை எல்லாம் இன்று அழியாமல் இருக்கின்றனவா? சம்பவத்துக்குப் பிறகு ஒரு விரிதாளில் பழைய அட்டவணைக்கு இதைச் செய்து பார்த்தேன். அரை நாள் வேலை. ஐந்து சனிக்கிழமை வரும் ஒவ்வொரு மாதத்தின் முடிவிலும் ஐந்து நாள் சிவப்பாக வந்தது. ஃபுல் ஒருமுறை தோற்றால் என்று போட்டுப் பார்த்தபோது, சாதாரண மாதத்திலும் சிவப்பு வந்தது. இப்போது அட்டவணையில் எதை மாற்றினாலும் முதலில் அந்த விரிதாளில் போட்டுப் பார்க்கிறோம்.

ரெஸ்டோர் ஒத்திகையையும் தவறான நாளில் செய்துகொண்டிருந்தேன். முன்பும் எப்போதாவது ஒரு ஃபைலை எடுத்துப் பார்ப்பதுண்டு, பெரும்பாலும் ஃபுல் முடிந்த அடுத்த வாரம். சங்கிலி மிகக் குட்டையாக இருக்கும் நேரம் அது. அடுத்த ஃபுல்லுக்கு முந்தைய நாள் செய்திருந்தால் ஓட்டை அப்போதே தெரிந்திருக்கும். இப்போதைய ஒத்திகை வெள்ளிக்கிழமை நடக்கிறது.

ஒன்று இன்னும் பாக்கி. இந்த டிரைவ் பழசாகிவிட்டது. எல்டிஓ-7 டிரைவ் எங்கள் எல்டிஓ-6 டேப்களைப் படிக்கும், எல்டிஓ-8 படிக்காது. லாக்கரில் உள்ள மாதக் கடைசி டேப்களை எந்த டிரைவில் படிப்பது என்று முடிவாகும்வரை, பழைய டிரைவை அப்புறப்படுத்தக் கூடாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.